இல்லமும் இடமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், குடும்பத்தினரோடு கூடியிருந்த அன்பர்கட்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்க மேடையில் கல்வி, தொழில், திருப்பணி, திருமணம் ஆகியன பற்றிப் பேசுதல் வழக்கம். இன்று யாம் பேசப் புகுந்த பொருள் அவற்றினும் சிறியதாகத் தோன்றும். வீட்டில் ஆண்டாண்டாகச் சேர்ந்து கிடக்கும் சாமான்களை என் செய்வது, வாழ்வோர்க்கு அமைதி தரும் இடமாக வீட்டை எங்ஙனம் ஆக்குவது என்பதே அது. 'இதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டுமோ? இதனை வீட்டுப் பெண்டிர் பார்த்துக்கொள்வர்' என்று சிலர் நகைத்தல் கூடும். அங்ஙனம் இத்தனை காலமும் பெண்டிர் தலையிலேயே விட்டு வைத்தமையாலன்றோ, இஃது இன்று நம் சமூகம் முழுமைக்கும் உரிய வினாவாக வளர்ந்து நிற்கின்றது!

செட்டிநாட்டு வீடுகளைச் சிறிது நினைத்துப் பார்ப்போமாக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1940ஆம் ஆண்டுகள் வரை, பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சைகோனிலும் கொடுக்கல் வாங்கல் செய்து ஈட்டிய பொருளைக் கொண்டு நம் முன்னோர் ஊர்தோறும் வீடெடுத்தனர். பர்மாத் தேக்குத் தூணாயிற்று. இத்தாலிச் சலவைக்கல் தளமாயிற்று. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள் எழுந்தன. மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி இரட்டை வீடு ஒதுக்கப்பட்டது. மருமகள் கொண்டுவந்த அண்டா, தவலை, குடம், தூக்கு, மங்குச் சாமான், கொட்டான், தடுக்கு யாவும் ஆண்டு அடுக்கப்பட்டன. பெண் பிறந்த அன்றே அவளுக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கும் வழக்கம் நம்முடையது அன்றோ!

அக்காலத்தில் அச்சாமான்களுக்கு வேலை இருந்தது. திருமணமும் சாந்தியும் வீட்டிலேயே நடந்தன. பந்தி பந்தியாக உற்றார் உண்டனர். அண்டாவும் தவலையும் அடுப்பேறின. தடுக்கும் பாயும் விரிந்தன. இன்று திருமணம் மண்டபத்தில் நடக்கின்றது. சமைப்போர் தம் பாத்திரங்களைத் தாமே கொணர்கின்றனர். இரட்டை வீட்டுச் சாமான்கள் வேலையிழந்தன. ஆயினும் இடத்தை இழக்கவில்லை. 1942ஆம் ஆண்டில் பர்மா சப்பானியர் கைப்பட்டபோது நம்மவர் பலர் அந்நாட்டில் வைத்திருந்த செல்வம் கைவிட்டுப் போயிற்று. பின்னர்ப் பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் பிழைப்புத் தேடிப் போயினர். வீடு நின்றது, வீட்டார் இல்லை. ஒரு வீட்டிற்குப் பல பங்காளிகள்; அறைக்கொரு பூட்டு; பூட்டுக்கொரு சாவி; சாவியோ வேறு வேறு நாட்டில். உள்ளே இருப்பது இன்னதென்று பூட்டியவர் அறிவார். அவர் மறைந்தபின் ஒருவரும் அறியார்.

நிற்க. இஃது ஊர் வீட்டின் கதை மட்டும் அன்று. நகரத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்கு மாடிக் குடியிருப்பில் வாழ்வோர் நிலையும் இதுவே. பரண் நிறைய எவர்சில்வர். கட்டிலுக்கு அடியில் பெட்டிகள். மேல்முற்றத்தில் பழுதான மிதிவண்டி. கதவருகே நாள்தோறும் வந்திறங்கும் அட்டைப் பெட்டிகள். முன்னோர் கடல் கடந்து சென்று வாங்கிய பொருளை நாம் கைப்பேசியை ஒரு விரலால் தொட்டு வாங்குகின்றோம். வாங்குதல் எளிதாயிற்று, கழித்தல் மட்டும் முன்போலவே அரிதாக நிற்கின்றது.

இதனால் விளையும் கேடு யாது எனின், முதலாவது உடலைப் பற்றியது. குவிந்து கிடக்கும் பொருளிடையே புழுதி தங்கும். கரையானும் பூச்சியும் குடியேறும். மழைநீர் தேங்கிய பழம் பாத்திரமும் உடைந்த வாளியும் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிறந்தகம் ஆகும். இரண்டாவது மனத்தைப் பற்றியது. அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் 30 குடும்பங்களை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒவ்வொருவரையும் தம் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் செய்து, அவர் கூறிய சொற்களைப் பதிந்தனர். உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் சுரப்பின் அளவையும் நோக்கினர். உடல் நெருக்கடியை எதிர்கொள்ள உதவும் அச்சுரப்பு காலையில் மிகுந்து மாலையில் தணிதல் இயல்பு. 'அடைசல், முடியாத வேலை' என்ற பொருள்படத் தம் வீட்டைப் பற்றிப் பேசிய பெண்டிர்க்கு அஃது இயல்பாகத் தணியவில்லை. பொழுது சாயச் சாய அவர் மனமும் சோர்ந்தது. தம் வீட்டை இளைப்பாறும் இடமாகக் கூறிய பெண்டிர்க்கு அங்ஙனம் நிகழவில்லை. ஆடவரிடம் இத்தொடர்பு அத்துணைத் தெளிவாகக் காணப்படவில்லை.

பெரியோர்களே! இதன் கருத்தை ஊன்றி நோக்குங்கள். அடைசல் நிறைந்த அறையில் ஆடவன் செய்தித்தாள் படிக்கின்றான். அதே அறையில் பெண் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலைப் படிக்கின்றாள். துலக்க வேண்டிய பித்தளை, மடிக்க வேண்டிய துணி, ஒழிக்க வேண்டிய பரண் ஆகிய ஒவ்வொன்றும் அவளை அழைத்துக்கொண்டே இருக்கின்றது. ஆதலின் வீட்டில் அடைசலைக் குறைத்தல் அழகு பற்றிய வேலை அன்று. நம் தாயர்க்கும் மனைவியர்க்கும் மகளிர்க்கும் ஓய்வு தரும் வேலை எனக் கொள்ளல் வேண்டும்.

இனி, நம் முன்னோர் இதனை அறியாதவரோ எனின், அல்லர். அவர் எடுத்த வீட்டின் நடுவில் வைத்தது யாது? வளவு. வானம் நோக்கித் திறந்த வெற்றிடம். அத்துணைப் பொருள் படைத்தவர், வீட்டின் நடு இடத்தைப் பொருளுக்குக் கொடுக்கவில்லை. வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் மக்களுக்கும் கொடுத்தனர். சாமான்களைச் சுற்றியுள்ள அறைகளில் அடக்கினர். அவ்வெற்றிடம் இருந்தமையாலன்றோ பத்துக் குடும்பம் ஒரு கூரையின்கீழ் மூச்சுவிட முடிந்தது! அப்பத்தா அமர்ந்து கதை சொன்னதும், பிள்ளைகள் ஓடி விளையாடியதும், வற்றல் காய்ந்ததும், மணமக்கள் வணங்கி நின்றதும் அவ்வெற்றிடத்திலேயே. வீட்டின் உயிர் தூணில் இல்லை, தேக்கில் இல்லை. நடுவில் ஒழித்து வைத்த இடத்தில் உள்ளது. இதுவே யாம் இன்று கூற வந்த ஒரே கருத்து. நகரத்துச் சிறு வீட்டிலும் ஒரு வளவு வேண்டும். நான்கு முழம் நீளமாயினும் போதும்.

ஆனால் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. கழித்தல் எளிய செயல் அன்று. அறியாது கழித்தவை பின் கிட்டா. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அலைந்த காலத்தில், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை, பழுதுபட்டவை எனக் கருதி, நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்ட செய்தி கேட்டு உள்ளம் வெந்தமையைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். இட்டவர் தீயவர் அல்லர், இடத்தை ஒழித்தவர். அவ்வேடுகளில் யாது இருந்தது என்பதை இனி ஒருவரும் அறியார்.

இதற்கு மறுதலையான செய்தியும் நம் நாட்டிலேயே உண்டு. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பிறர் வேண்டாவென ஒதுக்கிய பழம் புத்தகங்களையும் இதழ்களையும் நாடக விளம்பரத் தாள்களையும் திருமண அழைப்பிதழ்களையும் அவர் தேடித் தேடிச் சேர்த்தார். 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் துணையால் அத்தொகுப்பு சென்னைக்கு வந்து, 1994ஆம் ஆண்டில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. இன்று தமிழ் அச்சு நூல்களின் வரலாற்றை எழுதுவோர் அந்நூலகத்தை நாடாமல் இருத்தல் அரிது.

'அங்ஙனமாயின் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தலே நன்று அன்றோ?' என வினவலாம். அன்று. ரோஜா முத்தையா தம்மிடம் உள்ளது இன்னது என அறிந்து, அதனைப் பேணிச் சேர்த்தார். பூட்டிய அறையில் யாது உள்ளது என அறியாது கிடக்க விடுதல் சேர்த்தல் ஆகாது. அது காலம் தாழ்த்திக் கழித்தலேயாம். தாளைக் கரையான் தின்னும். பித்தளையைக் களிம்பு தின்னும். எஞ்சியவற்றை, பங்காளிகள் பொறுமையிழந்த ஒருநாளில், எடைக்கு எடை விலைபேசி வணிகர் கொண்டுபோவர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருட் கடைகளில் அங்ஙனம் போன தூண்களையும் கதவுகளையும் மங்குத் தட்டுகளையும் இன்றும் காணலாம். விற்றவரையோ வாங்கினவரையோ யாம் குறை கூறவில்லை. பொருளோடு சேர்ந்து அதன் கதையும் போயிற்றே என்பதுதான் வருத்தம். 2014ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்குரிய முன்மொழிவுப் பட்டியலில் இடம் பெற்றன. உலகம் மதிக்கத் தொடங்கிய வேளையில் நாம் பெயர் தெரியாமல் இழந்துகொண்டிருத்தல் தகுமோ?

ஆகவே செய்யவேண்டிய முறையை இனிக் கூறுவோம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, 'உனக்கு இவ்வீட்டில் வேலை யாது?' என வினவுக. வேலை நான்கு வகைப்படும். நாள்தோறும் பயன்படுவது ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை நோன்புக்கோ படைப்புக்கோ வேண்டுவது ஒன்று. நினைவுக்கு உரியது ஒன்று. பத்திரம், பட்டா, கணக்கு, இசைகுடிமானம்போலச் சான்றாக நிற்பது ஒன்று. இந்நான்கினுள் அடங்காத பொருள் வேலையிழந்தது. அதற்கு வேறோர் இல்லத்தில் வேலை தேடிக் கொடுத்தல் நம் கடன்.

தொடங்குங்கால் எளியவற்றில் தொடங்குக. காலங்கடந்த மருந்து, மூடியில்லாத டப்பா, பழுதான மின்பொறி, வெற்று அட்டைப் பெட்டி ஆகியவற்றைப் பிரிக்க மனம் தயங்காது. அடுத்துத் துணி, பின்னர்ப் பாத்திரம், அதன்பின் புத்தகமும் தாளும், நினைவுப் பொருளை இறுதியில் வைத்துக்கொள்க. முதல் நாளிலேயே மறைந்த தாயின் பெட்டியைத் திறந்தவர், கண்ணீரோடு அதனை மூடிவிட்டு, வேலையையும் விட்டுவிடுவர். ஒரு நாளைக்கு ஓர் அலமாரி அல்லது ஒரு தட்டு போதும். வீடு முழுவதையும் ஒரே நாளில் கவிழ்த்துப் போடுதல் ஆகாது.

நினைவுப் பொருளைப் பற்றி ஒரு சொல். ஒருவரை நினைக்க ஒரு பொருள் போதும், நூறு வேண்டா. ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று அவர் வாங்கி வந்த ஐம்பது தட்டுகளினும் மிகுதியாகப் பேசும். வைத்துக்கொள்ளும் பொருள் ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு. கதை எழுதப்படாத பொருள் அடுத்த தலைமுறைக்கு வெறும் பாரம். பழைய கணக்கேடு, கடிதம், அச்சு நூல், அழைப்பிதழ் ஆகியவற்றை அறிந்தார் ஒருவருக்குக் காட்டாமல் எடைக்குப் போடுதலும் தீயில் இடுதலும் கூடவே கூடா.

பிரித்த பொருளை எங்கே கொடுப்பது? பேரண்டாக்களும் தவலைகளும் பலர் உண்ணும் இடத்திற்கே உரியவை. கோயில் மடைப்பள்ளி, நகர விடுதி, மாணவர் இல்லம் ஆகியவற்றில் முன்னரே கேட்டு, வேண்டும் என்றால் ஈயம் பூசித் துலக்கிக் கொடுங்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைத்தல் உடலுக்கு ஆகாது என்பதையும் மறவற்க. கிழிந்ததையும் உடைந்ததையும் தருமம் என்ற பெயரால் பிறர் வாயிலில் இறக்குதல் ஈகை ஆகாது; நம் குப்பையை அவர் தலையில் சுமத்துதல் அது. போகி நாளில் பழையன கழித்தல் நல்ல வழக்கமே. ஆயினும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் கொளுத்துதல் வேண்டா. 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து வானூர்திகள் இறங்கவும் இயலாமல் போயினமை பலர்க்கும் நினைவிருக்கும்.

ஊர் வீட்டைப் பொறுத்தவரை, தனியொருவர் பூட்டைத் திறத்தல் பகைக்கு வித்தாகும். படைப்புக்குப் பங்காளிகள் கூடும் நாளே இதற்கு ஏற்ற நாள். எல்லோர் முன்னும் திறந்து, பட்டியல் எழுதி, படம் எடுத்து, ஒப்பமிட்டு, அதன்பின் பகிர்ந்துகொள்க. பெண்மக்களையும் அழைக்க வேண்டும். பெண் கொண்டுவந்த சீர் அவளுடையதே. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு பெண்ணின் உடைமையை அவளுக்கே முழு உரிமையாக்கியது; 2005ஆம் ஆண்டுத் திருத்தம் பிதிரார்ச்சிதச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த உரிமை அளித்தது. ஆதலின் ஆச்சியின் சாமானை என் செய்வது என்பதை ஆச்சியே கூறல் வேண்டும். மகனும் மருமகனும் அன்று.

முதியோர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொடுக்க நினைப்பதை உங்கள் கையாலேயே, கண் காணக் கொடுங்கள். 'இஃது என் ஆத்தா எனக்குக் கொடுத்த தூக்கு; இனி உனக்கு' என்று பேத்தி கையில் ஆயா கொடுப்பது சீதனம்; அதே தூக்கு அவர் காலத்திற்குப்பின் பரணிலிருந்து இறங்கினால் பழம் பாத்திரம். பொருள் ஒன்றே, கொடுக்கும் கையும் சொல்லும் சொல்லுமே அதன் விலையை ஆக்குகின்றன.

இளைஞர்களே! உங்களிடமும் ஒன்று கூறுவோம். முதியோர் ஒரு பழந்துணியையும் விடமாட்டார் என்று எள்ளாதீர்கள். ஒரே ஆண்டில் எல்லாம் இழந்த குடும்பங்களின் வழிவந்தவர் அவர். 'இருக்கட்டும், ஒருநாள் உதவும்' என்பது அவர்க்கு அனுபவம் கற்பித்த பாடம். அவர் ஊருக்குப் போன வேளை பார்த்து அறையை ஒழித்தல் பெருங்கொடுமை. எதனையும் விட இயலாமல், நடக்கவும் படுக்கவும் இடமின்றிப் பொருள் குவிந்து வருந்துவோர் சிலர் உளர். 2013ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதனைத் தனியொரு நோயாக வகுத்தது. அத்தகையோர்க்கு வேண்டுவது வசை அன்று, மருத்துவரும் பொறுமையும்.

இனி, ஒழிந்த இடத்தை என் செய்வது? ஒன்றும் செய்யவேண்டா! ஒழிந்த மூலையில் உடனே ஒரு புதிய மேசையைக் கொணர்தல் நம் இயல்பு, அதனை அடக்குக. காற்று வரும் சன்னலருகே ஒரு பாய், ஒரு விளக்கு, வேண்டுமாயின் ஒரு சாய்வு நாற்காலி. அவ்விடத்திற்குக் கைப்பேசி வரலாகாது; கணக்கு வரலாகாது; வழக்கும் வரலாகாது. நாள்தோறும் அரை நாழிகையேனும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், சிறப்பாக வீட்டுத் தலைவி, ஒரு வேலையும் இன்றி அங்கே அமர்தல் வேண்டும். இறைவனை நினைப்பவர் நினைக்கலாம்; நூல் படிப்பவர் படிக்கலாம்; வாளா இருப்பவர் இருக்கலாம். அதுவே நம் சிறு வளவு.

இறுதியாக, ஊற்றை அடைக்காமல் நீரை இறைத்துப் பயனில்லை. திருமணத்தில் சாமான் பரப்பும் வழக்கத்தை நாம் இன்னும் எத்துணைக் காலம் வளர்ப்பது? மகள் பெங்களூரில் இரண்டறை வீட்டில் குடியேறுவாள் என அறிந்தும், அவள் ஒருநாளும் தொடாத பாத்திரங்களைப் பரப்பிக் காட்டி, மறுநாள் மூட்டை கட்டி, ஊர் வீட்டில் பூட்டி வைக்கின்றோம். காண்போர் ஒரு பொழுது வியப்பர். வாங்கித் தந்த தந்தையோ பல ஆண்டு கடன் தீர்ப்பான். அப்பொருளின் ஒரு பகுதியை அவள் பெயரால் வங்கியில் இடுக. அவள் கல்விக்கோ தொழிலுக்கோ உதவட்டும். சீராக, ஆத்தாவின் கையால் துலங்கிய ஒரு குடமும், ஒரு விளக்கும், அவற்றின் கதையை எழுதிய ஒரு சீட்டும் போதாவோ? வசதி படைத்தோர் இதில் முதலடி வைப்பாராயின், வசதி குறைந்தோர் நாணமின்றிப் பின்தொடர்வர். அவ்வடியை எடுத்துவைத்தல் இச்சங்கத்தார் கடமை என யாம் கருதுகின்றோம்.

அன்பர்களே! நாளைக் காலை பெரிய வேலை எதனையும் தொடங்க வேண்டா. ஓர் அலமாரியின் ஒரு தட்டைத் திறங்கள். வீட்டிலுள்ள முதியவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, 'இது யாருடையது?' எனக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். தட்டு ஒழிவதற்கு முன்னரே வீட்டில் ஏதோ ஒரு பாரம் இறங்கியதை உணர்வீர்கள்.